எழும்பி நடக்கிறது பிறகு, முதலில் உயிரோடு இருக்க விடுங்கோ

கொஞ்ச நாளைக்கு முன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி சுற்றியது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடக்கிறார். பின்னால் சினிமா இசை. கீழே தமிழில், "விஞ்ஞானத்தின் அற்புதம்! இனி முடங்கியவர்கள் எல்லாரும் நடக்கலாம்!" என்று ஒரு வரி. எங்களில் ஒருவர் அதைத் தனக்குத் தெரிந்த ஒரு அண்ணாவுக்கு அனுப்பிவிட்டார். அந்த அண்ணா 2009 இல் முதுகில் செல் துண்டு பட்டவர். அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான்.

அன்று இரவே பதில் வந்தது: "தம்பி, உது உண்மையோ? எனக்கும் சரிவருமோ? சரி, அதை விடு. வாற கிழமை யாழ்ப்பாணம் போனா கதீற்றர் கொஞ்சம் வாங்கிக்கொண்டு வா. இருக்கிறதைக் கழுவிக் கழுவித்தான் பாவிக்கிறன். காய்ச்சல் விட்டு விட்டு அடிக்குது."

முதல் இரண்டு கேள்விக்கும் எங்களிடம் ஒழுங்கான பதில் இருக்கவில்லை. அதனால் தேடி வாசித்தோம், மருத்துவம் படிக்கிற நண்பர்களைப் பிடித்துக் கேட்டோம். வாசித்து முடிக்க வியப்பும் வந்தது, கோபமும் வந்தது. வியப்பு ஆராய்ச்சியாளர்கள் செய்திருக்கிற வேலையைப் பார்த்து. கோபம், அந்த வேலையைக் காட்டி எங்களை வாய்பிளக்க வைத்துவிட்டு, அந்த அண்ணாவின் மூன்றாவது வசனத்தை ஒருவரும் காதில் வாங்காததைப் பார்த்து.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். முள்ளந்தண்டு வடத்தைத் திருத்துகிற விஞ்ஞானம் உண்மையில் முன்னேறுகிறது. ஆனால் அது வந்து சேரும்போது எங்கள் ஆட்கள் உயிரோடும் புண் இல்லாத உடம்போடும் இருக்கவேண்டும். அதற்கான வழி எண்பது வருடத்துக்கு முன்னமே கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. அதை எங்கள் ஆட்களுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு அற்புதக் காணொளி பகிர்வது பெரிய ஏமாற்று.

உள்ளே என்ன நடக்கிறது?

பாடசாலையில் முண்ணாண் என்று படித்தோமே, அதுதான் இந்த வடம். கைவிரல் அளவு தடிப்பில், மூளையின் அடியிலிருந்து முதுகின் கீழ்ப்பகுதி வரைக்கும் போகிறது. காலை அசை என்ற கட்டளை இதனூடாகத்தான் கீழே போகிறது. கால் சுடுகிறது என்ற செய்தி இதனூடாகத்தான் மேலே வருகிறது. மூத்திரம், மலம், இரத்த அழுத்தம், வியர்வை, உடலுறவு எல்லாத்துக்கும் இதே பாதைதான். கழுத்தில் அடிபட்டால் கையும் போகும், நெஞ்சில் அல்லது இடுப்பில் அடிபட்டால் கால் போகும். கால் போவது வெளியில் தெரிகிறது. மற்றது ஒன்றும் தெரிவதில்லை.

கையில் ஒரு நரம்பு அறுந்தால், ஒழுங்காகத் தைத்துவிட்டால், அது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் என்ற கணக்கில் திரும்ப வளரும். முண்ணாணில் அப்படி நடப்பதில்லை. அடிபட்ட இடத்தில் வீக்கம் வருகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, முதல் அடியில் தப்பிய கலங்களும் அடுத்தடுத்த மணித்தியாலங்களிலும் நாட்களிலும் சாகின்றன. பிறகு அங்கே தழும்பு கட்டுகிறது. நரம்பு நார்களைச் சுற்றியுள்ள உறையிலேயே "வளராதே" என்று சொல்லும் பொருட்கள் இருக்கின்றன.

இதனால்தான் ஆயிரக்கணக்கான வருடங்களாக வைத்தியர்கள் இந்தக் காயத்தைக் கண்டு கைவிரித்தார்கள். பழைய எகிப்தின் பப்பிரசுச் சுருள் ஒன்றே இதை வைத்தியம் பார்க்கக்கூடாத வகையில் சேர்த்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நரம்பியலின் தந்தை என்று சொல்லப்படுகிற ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹாலும், வளர்ந்தவர்களின் மூளையிலும் முண்ணாணிலும் அறுந்த நார் திரும்ப வளராது என்ற முடிவில்தான் நின்றார்.

அந்தக் கதவு 1981 இல் கொஞ்சம் திறந்தது. கனடாவின் மொன்றியலில் டேவிட், அகுவாயோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலியின் காலிலிருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து மூளையின் அடிப்பகுதிக்கும் முண்ணாணுக்கும் இடையில் பாலம் போல வைத்தார்கள். முண்ணாணின் நார்கள் அந்தப் பாலத்துக்குள் வளர்ந்தன. அதாவது, நாருக்கு வளரத் தெரியும். சுற்றியிருக்கும் இடம்தான் அதை விடுவதில்லை. இதற்குப் பிறகு சுவிற்சர்லாந்தில் மார்ட்டின் ஷ்வாப், வளர்ச்சியைத் தடுக்கிற பொருட்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அதற்கு வைத்த பெயரே "நோகோ", போகாதே என்று அர்த்தம். அதை மறிக்கும் மருந்து எலியிலும் குரங்கிலும் நல்ல பலன் காட்டியது. பல வருடங்கள் கழித்து ஐரோப்பாவில் மனிதரில் ஒழுங்காகப் பரிசோதித்தபோது, முதன்மையாக அளக்கத் தீர்மானித்திருந்ததில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. காயம் முழுமையாக இல்லாத சிலரில் மட்டும் நம்பிக்கைக் குறி தெரிந்தது.

இப்படித்தான் இந்தத் துறை நகர்கிறது. எலிக்குச் சரிவருவது மனிசருக்குச் சரிவருவதில்லை. 20 வருடம் உழைத்து ஒரு "இருக்கலாம்" வருகிறது. இது தோல்வி இல்லை, விஞ்ஞானம் என்றால் இதுதான். ஆனால் இதை ஒருவரும் சினிமா இசை போட்டுப் பகிர்வதில்லை.

அந்தக் காணொளியில் நடந்தது என்ன?

காணொளிகளில் நடப்பவர்கள் பெரும்பாலும் வேறு ஒரு பாதையால் வந்தவர்கள். அது மின் தூண்டல். காயத்துக்குக் கீழே உள்ள முண்ணாண் செத்துப்போகவில்லை, மேலிருந்து கட்டளை வராமல் நித்திரையில் இருக்கிறது. அதன் மேல் மின்முனைகளைப் பதித்து அளவாக மின்சாரம் கொடுத்தால், தப்பியிருக்கும் கொஞ்ச நார்களூடாக வரும் மெல்லிய கட்டளையும் கேட்கத் தொடங்கும். அமெரிக்காவில் லூயிவில்லைச் சேர்ந்த சூசன் ஹார்கெமாவின் குழு 2011 இல் இதன் முதல் முடிவை வெளியிட்டது. 2018 இல் லூயிவில், மாயோ கிளினிக், சுவிற்சர்லாந்தின் லோசான் என்று மூன்று இடங்களிலிருந்தும், தூண்டலோடும் பல மாதப் பயிற்சியோடும் சிலர் அடியெடுத்து வைத்த செய்தி வந்தது. 2023 இல் லோசானின் கிரெகுவார் கூர்த்தீனும் ஜோசலின் ப்ளோக்கும் ஒரு படி மேலே போனார்கள். நெதர்லாந்துக்காரர் ஒருவரின் மூளையின் மேல் கருவி பொருத்தி, அவர் நினைப்பதைக் கணினி வாசித்து, முண்ணாணில் உள்ள மின்முனைக்கு உடனுக்குடன் அனுப்பினார்கள். அவர் ஊன்றுகோலோடு நடந்தார். எங்களுக்கு வந்த காணொளி அதுதான்.

இது பெரிய விசயம், சந்தேகமில்லை. ஆனால் காணொளியில் வெட்டப்பட்டவற்றையும் சொல்லவேண்டும். அது ஒரு ஆள். முதுகிலும் தலையிலும் சத்திரசிகிச்சை. மாதக்கணக்கில் நாளாந்தப் பயிற்சி, பக்கத்தில் ஒரு பட்டாளம் பொறியியலாளர்களும் இயன்மருத்துவர்களும். வீட்டில் அவருக்கு இன்னமும் சக்கர நாற்காலி தேவை. மிக முக்கியமாக, அறுந்த நார் ஒன்றும் ஒட்டுப்படவில்லை. மிச்சமிருந்ததை எழுப்பியதும், அறுந்த இடத்தைச் சுற்றி மின் பாலம் போட்டதும்தான் நடந்தது. வடத்தைத் திருத்துவது வேறு வேலை, அது இன்னும் முடியவில்லை.

திருத்துகிற பக்கத்தில் ஜப்பான் கெய்யோ பல்கலைக்கழகத்தின் ஹிதேயுகி ஒகானோ குழு நிற்கிறது. சாதாரண உடற்கலத்தை எந்தக் கலமாகவும் மாறக்கூடிய நிலைக்குத் திருப்பி, அதிலிருந்து நரம்பு முன்னோடிக் கலங்களை வளர்த்து, காயத்துக்குள் வைத்தார்கள். முதல் ஆளுக்கு 2021 டிசெம்பரில் செய்தார்கள். நாலு பேரின் முடிவு 2025 மார்ச்சில் வந்தது. நாலு பேருக்கும் பாரதூரமான பக்கவிளைவு இல்லை. ஒருவர் எழும்பி நிற்கும் அளவுக்கு வந்தார், இன்னொருவர் கைகால்களைக் கொஞ்சம் அசைத்தார், மற்ற இருவரின் நிலையில் பெரிய மாற்றமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் முன்னேற்றத்தில் எவ்வளவு கலத்தால் வந்தது, எவ்வளவு இயல்பாக வந்தது என்று பிரிக்க முடியாது. அதோடு அந்தச் சிகிச்சை காயம் பட்டு 2 முதல் 4 கிழமைக்குள் செய்யப்பட்டது. 2009 இல் காயப்பட்ட அண்ணாவுக்கு இன்றைக்கு அது பொருந்தாது.

ஆகவே அண்ணா, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: உண்மைதான். இரண்டாவதுக்குப் பதில்: இப்போதைக்கு இல்லை, ஒருபோதும் இல்லை என்றும் இல்லை.

நம்பிக்கையை விற்கிறவர்கள்

"இப்போதைக்கு இல்லை" என்று சொல்ல ஒருவரும் காசு வாங்குவதில்லை. "இப்பவே இருக்கு" என்று சொல்கிறவர்கள்தான் வாங்குகிறார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் காணியை ஈடு வைத்து மகனைக் கடல் கடந்து கொண்டுபோனது. "ஸ்டெம் செல் போடுறம், ஆறு மாதத்தில் காலில் உணர்ச்சி வரும்" என்று அங்கே சொன்னார்களாம். ஊசி போட்டார்கள். ஆறு மாதம் போய், "இன்னும் ஒரு தவணை போட்டால் நல்லது" என்றார்கள். இன்றைக்கு மகன் அதே கட்டிலில்தான், காணிதான் இல்லை. தாய் எங்களிடம் சொன்னது: "பாத்துக்கொண்டு சும்மா இருந்தனான் எண்டு நாளைக்கு என்ர மனச்சாட்சி கேக்கக்கூடாது எண்டுதான் பிள்ளை போனனான்." இந்த மனச்சாட்சியைத்தான் அவர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். அந்தத் தாயில் நாங்கள் ஒரு பிழையும் காணவில்லை.

இந்த வியாபாரம் ஏற்படுத்திய சேதம் பதிவாகியிருக்கிறது. சீனாவில் காசுக்குக் கலம் வைத்துக்கொண்டு திரும்பிய ஏழு பேரை வெளி வைத்தியர்கள் முன்னும் பின்னும் பரிசோதித்து 2006 இல் எழுதினார்கள். பயன்படக்கூடிய முன்னேற்றம் ஒருவரிலும் இல்லை, பலருக்குச் சிக்கல்கள், மூளைக்காய்ச்சல் உட்பட. போர்த்துக்கலில் மூக்கின் உள்தோலை எடுத்து முதுகில் வைத்துக்கொண்ட அமெரிக்கப் பெண் ஒருவருக்கு 8 வருடத்தின் பின் முதுகில் கட்டி வளர்ந்தது. வெட்டி எடுத்துப் பார்த்தால் அதற்குள் மூக்குத் தோலைப் போலவே சளி சுரந்திருந்தது. இது 2014 இல் மருத்துவ இதழில் வந்தது. இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிப் பேரவையே 2017 வழிகாட்டியில், இரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை ஒழுங்கான ஆய்வுக்கு வெளியே நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. சொல்லியும் விளம்பரம் நிற்கவில்லை.

ஒரு சின்னச் சோதனையை எல்லாரும் மனதில் வைத்திருங்கோ. உண்மையான ஆய்வு, சிகிச்சைக்கென்று உங்களிடம் காசு கேட்பதில்லை. பலன் வரும் என்று உறுதி தருவதில்லை. பக்கவிளைவை எழுத்தில் தரும். காசு வாங்கிக்கொண்டு உறுதி தருகிறவன் வியாபாரி, அவன் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும் சரி.

நேர்மையானவர்களும் பிழைவிட்ட துறை இது. 1990 இல் வந்த ஒரு பெரிய ஆய்வை நம்பி, காயப்பட்ட உடனே அதிகளவு ஸ்டீரொயிட் ஏற்றுவது உலகம் முழுக்க வழமையானது. பிறகு தரவைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் பயன் தெளிவில்லை, தொற்றும் இரத்தப்போக்கும் கூடுகிறது என்று தெரிந்தது. 2013 இல் அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வழிகாட்டி அதைக் கொடுக்கவேண்டாம் என்றது. இன்னொரு பக்கம், கருமுளைக் கலத்தை மனிதரில் முதன்முதல் பரிசோதித்த ஜெரோன் என்ற அமெரிக்கக் கம்பனி, 2010 இல் தொடங்கி 2011 நவம்பரில் காசுக் கணக்குப் பார்த்து நிறுத்திவிட்டது. விஞ்ஞானம் சந்தைக்குள் இருக்கும்வரை எங்கள் முதுகெலும்பும் அந்தச் சந்தையின் வரவு செலவுக்குள்தான்.

நடக்கிறது மட்டும்தான் வாழ்க்கையோ?

2004 இல் கிம் அன்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு எளிமையான வேலை செய்தார். அவரே முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர். தன்னைப் போன்ற 681 பேரிடம், எது திரும்பி வந்தால் உங்கள் வாழ்க்கை கூடுதலாக மாறும் என்று கேட்டார். கைகாலெல்லாம் இயங்காதவர்களில் பாதிக்குக் கிட்டவானவர்கள் முதலிடம் கொடுத்தது கைக்கு. கால் மட்டும் இயங்காதவர்கள் கூடுதலாக முதலிடம் கொடுத்தது உடலுறவுக்கு. மூத்திரம், மலம் கட்டுப்பாடு இரண்டு பகுதியினருக்கும் மேலே வந்தது. நடப்பது அதற்குக் கீழே நின்றது.

இதை வாசித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அந்த அண்ணாவிடம் நாங்கள் எத்தனை தரம் "கால் எப்படி?" என்று கேட்டிருப்போம். மற்றதை ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் சமூகம் மூத்திரப் பையைச் சாறத்தால் மூடிவிட்டு, காலைப் பற்றி மட்டும் கதைக்கிறது. கலியாணம் என்ற கதை வந்தால் "அவனுக்கு ஏன் இனி" என்கிறது. பெண் என்றால் அந்தக் கதையே வருவதில்லை.

அன்டர்சன் கேட்ட கேள்வியின் பக்கம் விஞ்ஞானமும் மெல்லத் திரும்புகிறது. 2024 இல் வெளிவந்த ஒரு ஆய்வில், கழுத்தில் தோலுக்கு மேலே, வெட்டுக்கொத்து ஒன்றும் இல்லாமல், மின்முனை ஒட்டி இரண்டு மாதம் கைப்பயிற்சி கொடுத்தார்கள். 60 பேரில் 72 வீதமானவர்களுக்குக் கைப்பலத்திலும் செயற்பாட்டிலும் முன்னேற்றம். அந்தக் கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 டிசெம்பரில் அனுமதி கொடுத்தது. ஒரு மனிசன் தன் கையால் கோப்பையைத் தூக்குவது காணொளிக்கு அவ்வளவு அழகில்லைப் போல, அது எங்கள் குழுவுக்கு வரவேயில்லை.

மிகப் பெரிய கண்டுபிடிப்பு

இந்தத் துறையில் மிக அதிகம் உயிர் காத்த கண்டுபிடிப்பு எது? மூளைச் சிப்பும் ஸ்டெம் செல்லும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பது.

முதலாம் உலகப்போரில் முதுகில் காயப்பட்ட படையினரில் மிகப் பெரும்பாலானவர்கள் கொஞ்சக் காலத்திலேயே செத்தார்கள், படுக்கைப்புண்ணாலும் மூத்திரத் தொற்றாலும். நாசிகளிடமிருந்து தப்பி 1939 இல் இங்கிலாந்துக்கு ஓடிவந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன், 1944 இல் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் ஒரு பிரிவைத் தொடங்கினார். இரவு பகல் பாராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்புவது, சுத்தமாக மூத்திரம் எடுப்பது, எழுப்பி இருத்துவது, தொழில் பழக்குவது, விளையாட்டு. "இவர்கள் எப்படியும் சாகப்போகிறவர்கள்" என்ற காலத்தில் அவர் அவர்களை வேலைக்கு அனுப்பினார். 1948 இல் அந்த வைத்தியசாலைப் புல்வெளியில் 16 பேர் செய்த அம்பெய்தல் போட்டிதான் இன்றைய பராலிம்பிக்கின் தொடக்கம்.

இதற்கு எந்தக் காப்புரிமையும் இல்லை. மெத்தை, கதீற்றர், பழகிய தாதி, நேரம், அவ்வளவுதான். ஆனாலும் இன்றைக்கு உலகில் 1 கோடியே 50 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முள்ளந்தண்டு வடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்றும், அவர்கள் முன்கூட்டியே இறக்கும் சாத்தியம் மற்றவர்களை விட 2 முதல் 5 மடங்கு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வறிய நாடுகளில் இந்த இறப்பு இன்னும் கூட. பல நாடுகளில் தேவையான உதவிச் சாதனம் கிடைப்பது 5 முதல் 15 வீதமானவர்களுக்குத்தான். தவிர்க்கக்கூடிய புண்ணாலும் தொற்றாலும் ஆட்கள் சாகிறார்கள்.

எங்கள் ஊரில் பனையால் விழுந்த ஒரு பெடியன் இருந்தான். சீவல் தொழில். விழுந்த இடத்தில் நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, மடக்கி, ஓட்டோவுக்குள் திணித்துக் கொண்டுபோனார்கள். கெட்ட மனதோடு செய்யவில்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வைத்தியசாலையில் கட்டில் தேவைப்பட்டதால் கெதியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். எப்படித் திருப்புவது, தோலை எப்படிப் பார்ப்பது என்று தாய்க்கு ஒருவரும் காட்டவில்லை. நாரிக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. நோ தெரியாததால் அவன் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் எலும்பு தெரிந்தது. பிறகு அவன் இல்லை. செத்த வீட்டில் எல்லாரும் "பனையால் விழுந்து செத்தவன்" என்றார்கள். அவன் பனையால் விழுந்து சாகவில்லை. ஒரு காற்று மெத்தையும் அரை மணித்தியாலப் பாடமும் இல்லாததால் செத்தான்.

சட்டம் இருக்கு, படியும் இருக்கு

எங்கள் மண்ணில் இது யாருக்கோ நடக்கிற விசயமில்லை. போர் விட்டுப்போன காயங்கள் வன்னியில் வீடு வீடாக இருக்கின்றன. அதற்கு மேல் பனை, தென்னை, கிணறு, கட்டட வேலை, இரவில் ஓடும் மோட்டார் சைக்கிள். வன்னியில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் அமைப்பாக "உயிரிழை" இயங்குவது, இவர்கள் பரிதாபத்துக்குக் காத்திருக்கவில்லை என்பதற்குச் சாட்சி. ஆனால் ஒரு சமூகத்தின் கடமையை ஒரு அமைப்பின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் ஒதுங்க முடியாது.

சட்டத்துக்குக் குறைவில்லை. வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கு எல்லாரும் போய்வர வசதி இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. தானே சக்கர நாற்காலியில் இருந்த அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் வரை போய், அந்த ஒழுங்குவிதிகளை நடைமுறைப்படுத்தும் கட்டளையை 2011 இல் எடுத்தார். ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இத்தனைக்கும் பிறகு, உங்கள் ஊர் நூலகத்துக்கும் கோயிலுக்கும் ரியூசன் கொட்டிலுக்கும் போய்ப் பாருங்கோ, வாசலில் எத்தனை படி என்று. இந்தக் கட்டுரையை எழுத நாங்கள் கூடிய மண்டபத்துக்கும் ஐந்து படி. அந்த அண்ணாவை வரச்சொல்லிக் கேட்டபோதுதான் எண்ணினோம்.

"அப்ப நீங்கள் விஞ்ஞானத்துக்கு எதிரோ?"

இதை எங்களிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். "சாப்பாடு இல்லாத ஊரில் நிலாவுக்குப் போற கதை எதுக்கு" என்று மற்றப் பக்கத்தால் சொன்னவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

இந்தச் சிகிச்சைகள் நாளைக்கு எங்கள் நாட்டுக்கு வந்தால் யாரை எடுப்பார்கள்? ஆறாத படுக்கைப்புண் இருப்பவரின் முதுகைத் திறந்து மின்முனை வைக்க ஒரு வைத்தியரும் துணியமாட்டார். மூட்டு மடங்கி இறுகிப்போன காலுக்குத் தூண்டல் கொடுத்துப் பயனில்லை. மூத்திரம் திரும்பத் திரும்பப் பின்னோக்கி அடித்துச் சிறுநீரகம் போனவருக்கு, நரம்பு திரும்பி வந்தும் என்ன? 2021 இல் முதல் ஜப்பானியருக்குக் கலம் வைத்தபோது, அவர் காயப்பட்ட சில கிழமைக்குள் கண்டறியப்பட்டு, நிலைப்படுத்தப்பட்டு, தயாராக இருந்தார். எங்கள் ஊரில் அந்தச் சில கிழமை எங்கே போகிறது? ஓட்டோவுக்குள்ளும், ஒரு நாள் பயணம் போகவேண்டிய ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலையில் கட்டில் வரும்வரை பார்த்திருப்பதிலும் போகிறது.

அதனால்தான் கதீற்றர் கேட்பதும் விஞ்ஞானம் கேட்பதுதான் என்கிறோம். இன்றைய பராமரிப்பு இல்லாமல் நாளைய சிகிச்சை எங்களுக்கு வராது. வசதியுள்ள நாட்டவனுக்கும் வசதியுள்ள எங்களவனுக்கும் மட்டும் வரும். "விதி" என்று சொல்லி ஆளை மூலையில் கிடத்துகிறவனும், "அற்புதம்" என்று சொல்லிக் காசு பறிக்கிறவனும் இரண்டு எதிரிகள் மாதிரித் தெரிந்தாலும், இருவரும் சேர்ந்து செய்வது ஒன்றையே. இடையில் உள்ள நாளாந்த வேலையை ஒருவரும் செய்யாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய பட்டியல் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் உள்ள பெரிய வைத்தியசாலைகளிலேயே இந்தக் காயத்துக்கான புனர்வாழ்வுக் கட்டில்களும் பழகிய தாதியரும் இயன்மருத்துவரும் வேண்டும். கதீற்றரும் காற்று மெத்தையும் தானமாக இல்லாமல் மருந்து மாதிரி ஒழுங்காகக் கிடைக்கவேண்டும். வீட்டுக்கு அனுப்ப முன் குடும்பத்துக்குப் பாடம் நடக்கவேண்டும். எத்தனை பேர், எந்தக் காயம், எந்த ஊர் என்று மாகாணம் கணக்கெடுத்து வைத்திருக்கவேண்டும். கணக்கில் இல்லாத ஆளை எந்த ஆய்வும் தேடி வராது. எங்கள் மருத்துவ பீட மாணவர்கள் இந்தத் துறையை ஒரு பிரிவாக எடுத்துப் படிக்க முன்வரவேண்டும்.

உங்களிடமும் மூன்று விசயம் கேட்கிறோம். ஆரும் மரத்தாலோ மோட்டார் சைக்கிளாலோ விழுந்து, கால் விறைக்குது என்று சொன்னால், மடக்கித் தூக்காதையுங்கோ. தலை, கழுத்து, முதுகு ஒரு கோட்டில் அசையாமல் வைத்துக்கொண்டு 1990 க்கு அடியுங்கோ. நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே காயம்பட்டவருக்குத் திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி இடித்து, முகம் சிவந்து வியர்த்தால், நிமிர்த்தி இருத்தி, முதலில் கதீற்றர் அடைத்திருக்கோ என்று பாருங்கோ. இரத்த அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து வரலாம், பிந்தாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ. அடுத்ததரம் "முடங்கியவர் நடந்தார்" என்று ஒரு காணொளி வந்தால், பகிர முன் எத்தனை பேரில் செய்தார்கள், எவ்வளவு காலம், யாருக்குப் பொருந்தும் என்று கேளுங்கோ. பதில் இல்லாவிட்டால் உங்கள் கையோடு நிற்கட்டும்.

கதீற்றர் வாங்கிக்கொண்டு போனோம். அண்ணா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் வாசித்ததெல்லாத்தையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஜப்பான் கதையை இரண்டு தரம் கேட்டார். பிறகு சொன்னார்: "நல்லது. வரட்டும். ஆனா அது வரேக்க நான் இருக்கவேணுமே, தம்பி."

காய்ச்சலுக்கு மருந்து எடுத்தாரோ என்று கேட்டோம். கிளினிக் நாள் வாற வியாழன் என்றார். அந்தக் கிளினிக் வாசலிலும் மூன்று படி இருக்குதாம். வியாழக்கிழமை நாங்கள் நாலு பேர் போகிறோம், இந்தமுறை நாற்காலியைத் தூக்க. அடுத்தமுறை தூக்காமல் போறதுக்கு, அந்தப் படியைப் பற்றி எழுதின கடிதமும் கையில் இருக்கும்.